சாவகச்சேரியா, பருத்தித்துறையா? வெள்ளவத்தையிலிருந்து ஊர் திரும்பும் ஒரு குடும்பத்துக்கு

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். வெள்ளவத்தையில் வாடகை வீடு. உங்களுக்குக் கொழும்பில் கணினி நிறுவன வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம், மாதத்தில் இரண்டு தரம் மட்டும் அலுவலகத்துக்குப் போக வேண்டும். மனைவி வங்கியில் வேலை, கிளிநொச்சிக் கிளைக்கு இடமாற்றம் கிடைத்திருக்கிறது. மகன் அடுத்த வருடம் தரம் 6, மகள் தரம் 1. கூடவே உங்கள் அம்மா, எழுபது கடந்தவர், சீனி வருத்தமும் இதய வருத்தமும் உண்டு. மனைவிக்குக் கரவெட்டியில் நாலு பரப்புச் சீதனக் காணி இருக்கிறது, வெறும் வளவு. உங்கள் தகப்பனாரின் ஊர் மீசாலை, அங்கே இப்போது சொந்தமாக ஒன்றும் இல்லை. யாழ்ப்பாண நகரத்துக்குள் காணி விலை உங்களுக்குக் கட்டாது. ஆகவே சாவகச்சேரிப் பக்கமா, பருத்தித்துறைப் பக்கமா என்று கேட்கிறீர்கள்.

நான் நில அளவையாளராக இரண்டு பக்கமும் சங்கிலி இழுத்தவன். பிறந்தது பருத்தித்துறையும் கரவெட்டியும் சேர்ந்த வடமராட்சி, கலியாணம் கட்டி இருப்பது சாவகச்சேரியும் மீசாலையும் சேர்ந்த தென்மராட்சியில், மட்டுவிலில். அதனால் ஒரு பக்கம் சாய்ந்து பேசுகிறேன் என்று இரண்டு ஊராரும் திட்டலாம், பரவாயில்லை.

நீங்கள் எழுதியதில் உங்கள் கொழும்புப் பயணத்தைப் பற்றிப் பத்து வரி இருக்கிறது. ரயிலா பஸ்ஸா, இரவுப் பயணமா பகல் பயணமா என்றெல்லாம் யோசித்திருக்கிறீர்கள். மனைவியின் கிளிநொச்சி வேலையைப் பற்றி ஒரு வரிதான். மாதம் இரண்டு தரம் போகிறவருக்கு எந்த ஊரும் சரிவரும். கிழமையில் ஐந்து நாள் போய் வருகிறவருக்குத்தான் ஊர் முக்கியம். நான் முதலில் அந்த ஒரு வரியைத்தான் எடுக்கிறேன்.

கொடிகாமம், மீசாலை, சாவகச்சேரி எல்லாம் ஏ9 வீதியிலேயே இருக்கின்றன. வீட்டு ஒழுங்கையால் வெளியே வந்தால் வவுனியா பஸ், கிளிநொச்சி பஸ், கொழும்பு பஸ் என்று ஏதாவது ஒன்று வரும். பளை, ஆனையிறவு, பரந்தன் தாண்டினால் கிளிநொச்சி, ஏறின பஸ்ஸிலேயே இறங்கலாம். மீசாலையிலிருந்து 50 கிலோமீற்றருக்குள்தான். கரவெட்டியிலிருந்து அதைவிட 10, 15 கிலோமீற்றர் கூட வரும். தூரத்தை மட்டும் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை என்று நினைப்பீர்கள். வித்தியாசம் கொடிகாமச் சந்தியில் இருக்கிறது. கரவெட்டி, அதற்குப் பக்கத்து நெல்லியடிப் பக்கத்திலிருந்து வருகிறவர் அங்கே இறங்கி மாறி ஏற வேண்டும். காலையில் அது பெரிய பாடில்லை. மாலையில் வங்கி மூடிக் கணக்கு முடித்து அவர் கிளிநொச்சியில் பஸ் ஏறி, கொடிகாமத்தில் இறங்கும்போது பொழுது பட்டுவிடும். அந்த நேரத்துக்குப் பருத்தித்துறை வீதியில் பஸ் குறைந்துவிடும். மாரியில் மழையும் சேர்ந்துகொண்டால் வரணி வெளியைத் தாண்டி வீடு வந்து சேரும்வரை உங்களுக்கும் நிம்மதி இராது. மோட்டார் சைக்கிளில் கொடிகாமம் வரை நீங்கள் போய் ஏற்றி வரலாம்தான். ஒரு மாதம் செய்வீர்கள், ஒரு வருடம் செய்வீர்கள். இடமாற்றம் எத்தனை வருடத்துக்கு என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

அந்தக் கொடிகாமம் பருத்தித்துறை வீதியில்தான் தட்டிவான் இன்னும் ஓடுகிறது, பழைய காலத்து வாகனம், பின்னால் தட்டி திறந்தபடி, மரக்கறிக் கடகங்களும் தேங்காய்ச் சாக்குகளும் ஆட்களுமாக. சந்தைக்காரர்களுக்கு அது உயிர். பிள்ளைகளை ஒருநாள் ஏற்றிக் காட்டுங்கள், சந்தோசப்படுவார்கள். வேலைக்குப் போகிறவருக்கு அது உதவாது.

ரயில் வேறு இருக்கிறது. 1990இல் நின்றுபோன வடக்கு ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை திரும்பி வந்தது, 2015 தொடக்கத்தில் காங்கேசன்துறை வரை. கொடிகாமம், மிருசுவில், மீசாலை, சங்கத்தானை, சாவகச்சேரி என்று தென்மராட்சி முழுக்க நிலையங்கள். வடமராட்சியில் ஒரு அடி தண்டவாளமும் இல்லை. ஆனால் ரயிலை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். 2023இல் அநுராதபுரத்துக்கும் வவுனியாவுக்கும் இடையில் பாதை திருத்தினார்கள், பல மாதம் எங்களுக்கு நேரடி வண்டி இருக்கவில்லை. எல்லா வண்டியும் எல்லா நிலையத்திலும் நிற்பதும் இல்லை. கொழும்புக்கு இன்னொரு வழியும் தென்மராட்சியாருக்கு இருக்கிறது: நாவற்குழியால் திரும்பி, கேரதீவு போய், 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரி, மன்னார் வழி. சொந்த வாகனம் வைத்திருப்பவர்கள் அதை விரும்புகிறார்கள்.

சரி, இதற்குப் பிறகு பருத்தித்துறைக்கு என்னதான் இருக்கிறது என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. அந்தப் பட்டினத்துக்கு அப்பால் கடல்தான். இலங்கையின் வட அந்தம் அங்கேயுள்ள சக்கோட்டை முனை. வேறு ஊருக்குப் போகிறவர் ஒருவரும் பருத்தித்துறையைக் கடந்து போவதில்லை. யாழ்ப்பாண நகரம் 30 கிலோமீற்றருக்கு மேல் இருப்பதால் எல்லாவற்றுக்கும் அங்கே ஓட முடியாது. அதனால் வடமராட்சி தனக்கு வேண்டியதைத் தானே கட்டி வைத்திருக்கிறது. பள்ளிக்கூடம், மந்திகை ஆஸ்பத்திரி, நெல்லியடிக் கடைத்தெரு, ரியூசன், மீன் சந்தை எல்லாம் உள்ளுக்குள்ளேயே. நெல்லியடியில் ஒரு பின்னேரம் நின்று பாருங்கள், புடவைக்கடை, நகைக்கடை, வங்கிகள், மருந்துக்கடைகள் என்று ஒரு குடும்பம் மாதக்கணக்கில் யாழ்ப்பாணம் போகாமல் வாழலாம். சாவகச்சேரி அப்படி இல்லை. நகரம் 16 கிலோமீற்றரில் இருப்பதால் எதற்கெடுத்தாலும் நாங்கள் யாழ்ப்பாணம் போய்ப் பழகிவிட்டோம். நல்ல சந்தை இருக்கிறது, மாம்பழமும் பலாப்பழமும் வந்து குவியும் காலத்தில் பார்க்க வேண்டும். ஆனால் கலியாணச் சேலை எடுக்க ஒருவரும் சாவகச்சேரியில் நிற்கமாட்டார்கள்.

இதைத்தான் இரண்டு ஊருக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் என்று நான் சொல்லுவேன். தென்மராட்சி வெளியே போகிறவர்களுக்கு வசதி, வடமராட்சி உள்ளே இருப்பவர்களுக்கு வசதி. உங்கள் வீட்டில் வெளியே போகிறவரும் இருக்கிறார், உள்ளே இருப்பவர்களும் இருக்கிறார்கள். அதுதான் சிக்கல்.

இனித் தண்ணீர். கொழும்பில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்று பழகிய குடும்பத்துக்கு இதை விரித்துச் சொல்லத்தான் வேண்டும். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கியாறு மாரியில் ஓடி முடிந்துவிடும். மற்றதெல்லாம் நிலத்தடி நீர்தான். கீழே சுண்ணாம்புக்கல், ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை அதற்குள் இறங்கித் தங்குகிறது. அதற்கும் கீழே கடலிலிருந்து ஊறிய உப்புநீர். நன்னீர் இலேசானது என்பதால் பாலின் மேல் ஆடை போல உப்புநீருக்கு மேல் நிற்கிறது. கணக்கு இதுதான்: நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி இருந்தால், கீழே கிட்டத்தட்ட 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மோட்டரைப் போட்டு இறைத்து மேல் மட்டத்தை ஒரு அடி குறைத்தால், கீழிருந்து உப்பு 40 அடி மேலே ஏறப் பார்க்கும். சித்திரையில் நல்லாயிருந்த கிணறு ஆவணியில் சவர்ப்பதற்கு இதுதான் காரணம். ஆழமாகக் குழாய்க்கிணறு அடித்தால் கூடத் தண்ணீர் வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இங்கே ஆழம் போகப் போக உப்புத்தான் கிட்டவரும்.

தென்மராட்சியில் மணல் தரை கூட, தென்னை நிற்கும் இடங்களில் மேல் மணலுக்குள்ளேயே நல்ல தண்ணீர் தங்கும். மீசாலை, சங்கத்தானை, கல்வயல் பக்கங்களில் குடிக்கக்கூடிய கிணறுகள் ஏராளம். ஆனால் கடனீரேரிப் பக்கம் போகப் போகப் பிழைக்கும். நாவற்குழி, கைதடியின் சில பகுதிகள், மறவன்புலவு, கச்சாய்க் கரை ஆகிய இடங்களில் காணி மலிவு என்று யாராவது காட்டினால், தண்ணீர் பவுசரில் வருகிறதா என்றுதான் முதலில் கேட்க வேண்டும். வடமராட்சியிலும் இப்படித்தான். கரவெட்டி, அல்வாய் போன்ற உட்கிராமங்களில் தோட்டம் செய்யும் தரை, தண்ணீர் நல்லது. பருத்தித்துறைப் பட்டினத்தின் கரையோரத்தில் உப்பு. கிழக்கே வல்லிபுரம் தொடங்கி மணற்காடு வரை நீளும் மணல்மேடுகளுக்குள் கல்கண்டுத் தண்ணீர், ஆனால் அங்கே வீடு கட்டலாமா என்பது வேறு கதை. 2004 சுனாமியில் வடமராட்சி கிழக்குக் கரை பட்ட பாடு தெரிந்ததுதானே.

தோட்டம் செய்யும் நல்ல தரைக்கு வேறொரு வில்லங்கம் உண்டு. பல வருடமாகப் போட்ட யூரியா மழையோடு கீழே இறங்கி நைத்திரேற்றாகக் கிணற்றில் நிற்கிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம்தான் எல்லை. குடாநாட்டின் மேற்குப் பக்கமான வலிகாமத்தில் இது பெரிய பிரச்சினை, மற்றப் பக்கங்களில் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். நைத்திரேற்றுக்கு உருசியும் இல்லை, மணமும் இல்லை. கைக்குழந்தை உள்ள வீட்டுக்குத்தான் கூடுதல் ஆபத்து, உங்களுக்கு அந்த வயதுப் பிள்ளை இல்லை, என்றாலும் நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். செலவு பெரிதல்ல.

உப்பைக் கண்டுபிடிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. காணி பார்க்கப் போகும்போது விடியப்புறமே போங்கள், மோட்டர் போடுமுன். ஒரு வாளி அள்ளி வாயில் வைத்துப் பாருங்கள். பிறகு வீட்டுக்காரரைக் கேட்டு மோட்டரை இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டு, திரும்பவும் வைத்துப் பாருங்கள். உருசி மாறினால் அந்தக் கிணறு ஒரு குடும்பத்தைத் தாங்காது. குசினிக்குள் கேத்திலை எட்டிப் பார்ப்பதிலும் பிழையில்லை. உள்ளே வெள்ளையாகத் தடித்துப் படிந்திருந்தால் கல்லுத் தண்ணீர், பருப்பு அவியாது, சவர்க்காரம் நுரைக்காது. கல்லுத் தண்ணீரோடு காலம் தள்ளலாம், சவர்த் தண்ணீரோடு முடியாது. உங்கள் அம்மாவுக்கு இதய வருத்தம் என்பதால் உப்பு விடயத்தில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். பக்கத்து வீட்டில் ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடித்தாலே பாதி விளங்கிவிடும்.

தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது, நாளுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு. கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரைக் கொண்டு வரும் திட்டத்துக்குக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு வந்த மாற்று வழி இது. அவர்கள் எதிர்த்ததில் நியாயம் இருந்தது, வயலுக்கே காணாத தண்ணீர். குழாய் வரும் என்று காணித் தரகர் சொல்லுவார். வரும் என்ற பேச்சுக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஒழுங்கை வாசலில் மீற்றர் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

பள்ளிக்கூடம் பற்றி மனைவியின் உறவினர்கள் பருத்தித்துறையைத் தூக்கிப் பிடிப்பதாக எழுதியிருந்தீர்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஹாட்லிக் கல்லூரி 1838இல் தொடங்கியது, கணிதம், விஞ்ஞானம் என்றால் நாடு முழுக்கத் தெரிந்த பெயர். பெண்பிள்ளைகளுக்கு மெதடிஸ்த பெண்கள் உயர்தரப் பாடசாலை, வடமராட்சி இந்து மகளிர் கல்லூரி. கரவெட்டியில் விக்னேஸ்வரா, நெல்லியடியில் மத்திய கல்லூரி. இத்தனை நெருக்கமாக நல்ல பள்ளிக்கூடங்கள் தென்மராட்சியில் இல்லை. சாவகச்சேரி இந்துக் கல்லூரியும் டிறிபேர்க் கல்லூரியும் மீசாலை வீரசிங்கமும் மோசமில்லை, அங்கிருந்தும் வருடாவருடம் பல்கலைக்கழகம் போகிறார்கள். ஆனால் பெயர் என்று பார்த்தால் ஹாட்லிக்கு ஈடில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

இருந்தாலும் ஹாட்லிக்காக வீடு மாறுமுன் ஒன்று பாருங்கள். தரம் 6க்குப் பெயர்பெற்ற பள்ளிக்கூடங்களில் இடம் எடுக்கத் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் புள்ளி வேண்டும். மகனின் புள்ளி வந்த பிறகுதான் அந்தப் பேச்சுக்கே அர்த்தம். மகளின் தரம் 1 அதைவிட இறுக்கம். வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உள்ள தூரம், உறுதி யார் பெயரில், வாக்காளர் பட்டியலில் எத்தனை வருடம் தொடர்ந்து பெயர் இருக்கிறது என்றெல்லாம் புள்ளி போடுவார்கள். உங்கள் பெயர் இப்போது வெள்ளவத்தைப் பட்டியலில் இருக்கும். புதிதாக வந்து இறங்குகிற குடும்பத்துக்கு நெருக்கடியான பள்ளிக்கூடத்தில் இது இடிக்கும். விண்ணப்பமும் முந்தைய வருட நடுப்பகுதியிலேயே போக வேண்டும். ஆரம்ப வகுப்புக்கு ஊர்ப் பள்ளிக்கூடம் போதும் என்பது என் எண்ணம். பிள்ளைகள் குறைந்து, வகுப்பில் பத்துப் பதினைந்து பேரை வைத்துக்கொண்டு அக்கறையாகப் படிப்பிக்கும் ஆசிரியர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். சேர்க்கப் போனால் அதிபர் கதிரை போட்டு இருத்துவார்.

ரியூசன் விடயத்தில் நெல்லியடி ஒரு தொழிற்சாலை. நல்லதா கெட்டதா என்று நான் சொல்லமாட்டேன், பெற்றோருக்கு அது ஆறுதல். சாவகச்சேரியிலும் இருக்கிறது, உயர்தரம் வந்தால் பிள்ளைகள் யாழ்ப்பாணம் போகத் தொடங்குவார்கள்.

அம்மாவின் விடயம். பெரிய வைத்தியம் என்றால் எங்கிருந்தாலும் யாழ் போதனா வைத்தியசாலைதான், வட மாகாணத்துக்கே அது ஒன்றுதான் போதனா வைத்தியசாலை. சாவகச்சேரியிலிருந்து அங்கே போகும் நேரம் பருத்தித்துறையிலிருந்து போவதில் பாதி. மாதக் கிளினிக்குக்கு மந்திகை ஆதார வைத்தியசாலை நல்ல ஏற்பாடு. சாவகச்சேரியிலும் ஆதார வைத்தியசாலை இருக்கிறது, ஆனால் அங்குள்ள குறைபாடுகளைச் சொல்லி 2024இல் சனம் வீதிக்கு இறங்கியது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இரண்டு பக்கமும் வரும், காசு வாங்குவதில்லை. அந்த இலக்கத்தை அம்மாவின் தொலைபேசியில் பதிந்து கொடுங்கள்.

வைத்தியசாலையை விட எனக்கு யோசனை வேறு. நீங்கள் கொழும்புக்குப் போகும் நாளில் மனைவி கிளிநொச்சியில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். காலை ஏழு தொடங்கி இரண்டு மணி வரை அம்மா தனிய. தென்மராட்சியில் வளவுகள் பெரிது. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் பத்துத் தென்னை நிற்கும், கூப்பிட்டால் கேட்காது. போதாததற்கு அயலில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும், சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ. வடமராட்சியில் ஒழுங்கைகள் நெருக்கம், மதிலுக்கு மேலால் கதை நடக்கும். காலையில் உங்கள் வீட்டுப் படலை திறக்கவில்லை என்றால் பத்து மணிக்குள் யாராவது ஏன் என்று கேட்டு வருவார்கள். இந்த அயல் சில நேரம் தொல்லை, யார் வந்தார்கள் யார் போனார்கள் என்று கணக்கு வைத்திருப்பார்கள். கொழும்பில் ஃபிளாட்டில் இருந்து வரும் உங்கள் மனைவிக்கு முதல் ஆறு மாதம் மூச்சு முட்டும். அம்மாவுக்கு அதுவே காவல். ஆனால் கரவெட்டி உங்கள் மனைவியின் ஊர், அம்மாவின் ஊர் அல்ல. மருமகளின் சொந்தக்காரருக்கு நடுவில் மாமியார் எப்படி இருப்பார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். மீசாலையில் அம்மாவுக்குத் தெரிந்தவர்கள், பழைய கோயில் கூட்டாளிகள் யாராவது மிச்சமிருக்கிறார்களா? இருந்தால் அவர்களின் ஒழுங்கையிலேயே வீடு தேடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பருத்தித்துறை மீனுக்கு நிகரில்லை, காலையில் வள்ளம் கரை தட்டியதும் வாங்கலாம். பருத்தித்துறை வடையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, கொழும்புக்கே பொதி பொதியாகப் போகிறது. எங்கள் பக்கம் மட்டுவில் கத்தரிக்காய், கொடிகாமத் தேங்காய், வைகாசி பிறந்தால் பலாப்பழம். மீன் சாப்பிடுகிற வீடு என்றால் பருத்தித்துறைக்கு ஒரு புள்ளி போட்டுக்கொள்ளுங்கள்.

காணிக்கு வருவோம், இது என் தொழில். கரவெட்டிக் காணியை விற்றுச் சாவகச்சேரியில் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நாலு பரப்பு என்றால் 40 பேர்ச்சஸ், கால் ஏக்கர், அந்தப் பக்கத்தில் அது நல்ல துண்டு. யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டப்படி சீதனம் அவரின் தனிச் சொத்து. உங்களால் விற்க முடியாது, அவர் விற்பதென்றாலும் உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும். கலியாணத்துக்குப் பிறகு உழைத்து வாங்குவது தேடியதேட்டம், இருவருக்கும் பாதிப்பாதி. சீதனத்தை விற்ற காசில் இன்னொன்று வாங்கினால் அது சீதனத்தின் இடத்தில்தான் நிற்க வேண்டும், ஆனால் உறுதி எழுதும்போது நொத்தாரிசு அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று எழுதாவிட்டால் பின்னுக்குப் பிள்ளைகள் காலத்தில் வழக்காகும். இப்படி வழக்கான காணிகளை அளந்தே என் தலைமயிர் நரைத்தது.

காணி வாங்குவதே முடிவு என்றால், தென்மராட்சியில் இரண்டு விடயம். ஒன்று, பங்குபடாத காணி. நாலு சகோதரத்துக்கு ஒரே உறுதி, மூன்று பேர் வெளிநாடு, ஊரில் இருக்கிற ஒருவர் முழுக்காணியும் தன்னுடையது என்று காட்டுவார். பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு அறிவிக்காமல் நீங்கள் வாங்கினால் பிறகு ஒருவர் விமானம் ஏறி வந்து வழக்குப் போடலாம். இடப்பெயர்வில் உறுதி தொலைந்தவர்கள் கனபேர், 2000இல் சாவகச்சேரிப் பட்டினமே சண்டையில் தரைமட்டமானது. ஆகவே கையில் உள்ள தாளை நம்பாமல் காணிப் பதிவகத்தில் பதிவைத் தேடிப் பாருங்கள். மற்றது எல்லை. உறுதியில் எட்டுப் பரப்பு என்றிருக்கும், அளந்தால் ஏழரைதான் வரும். மிச்சம் எங்கே? கதியால் வேலி. ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் கிளுவைக் கதியாலை ஒரு சாண் தள்ளி ஊன்றுவார்கள், இருபது வருடத்தில் வேலி அரக்கிக்கொண்டே வந்துவிடும். காசு கொடுக்குமுன் புதிதாக அளப்பித்து, கல் போட்டு, அயலவரையும் கூப்பிட்டுக் காட்டி வாங்குங்கள். மிருசுவிலுக்குக் கிழக்கே, எழுதுமட்டுவாள், முகமாலைப் பக்கம் மலிவுக் காணி என்றால் கண்ணிவெடி அகற்றி முடித்ததற்குத் தாள் இருக்கிறதா என்றும் கேளுங்கள். நெடுங்காலம் அது போரின் முன்னரங்கப் பகுதி.

ஏ9 வீதி ஓரமாகவே வீடு வேண்டாம். இரவு முழுக்கப் பாரவாகனச் சத்தம், பிள்ளைகள் சைக்கிளில் இறங்கும்போது உங்களுக்கு நெஞ்சு பதறும். வீதியிலிருந்து கால் கிலோமீற்றர் உள்ளே போனால் போதும். உங்கள் வேலைக்கு ஃபைபர் இணைப்பு அந்த ஒழுங்கைவரை வந்திருக்கிறதா என்பதைப் பக்கத்து வீட்டில் கேளுங்கள், நிறுவனத்தின் வரைபடத்தில் வருவதாகக் காட்டும் இடத்திலெல்லாம் கம்பி இராது.

என் முடிவு இது. மனைவி கிளிநொச்சியில் வேலை செய்யும் வரைக்கும் மீசாலைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில், பஸ் தரிப்புக்கு நடந்து போகும் தூரத்தில், வாடகைக்கு இருங்கள். வாங்கவும் வேண்டாம், கட்டவும் வேண்டாம். கரவெட்டிக் காணிக்கு மதில் கட்டி, ஒரு நல்ல கிணறு வெட்டி வையுங்கள், ஐந்தாறு தென்னங்கன்றும் வைக்கலாம். அவருக்கு நெல்லியடிக்கோ பருத்தித்துறைக்கோ மாற்றம் கிடைக்கிற அன்றைக்கு அங்கே வீட்டுக்கு அத்திவாரம் போடலாம். அந்நேரம் மகனும் உயர்தரத்துக்குக் கிட்ட வந்திருப்பான், பள்ளிக்கூடம் மாற்றுவதைப் பற்றி அவனும் சேர்ந்து பேசும் வயது. மகனின் புலமைப்பரிசில் புள்ளி ஹாட்லிக்குப் போதுமானதாக வந்து, அவனும் அங்கேதான் போவேன் என்று நின்றால் மட்டும் இதைத் திரும்ப யோசியுங்கள். அப்போதும் மனைவியின் மாலைப் பயணத்துக்கு என்ன வழி என்பதை முதலில் தீர்த்துவிட்டு.

வீடு பார்க்க ஆவணியில் வாருங்கள். கிணறு வற்றி, தண்ணீரின் உண்மை தெரியும் மாதம் அது. கார்த்திகையில் இன்னொரு தரம் வந்தால் எந்த ஒழுங்கையில் வெள்ளம் நிற்கிறது என்றும் பார்த்துவிடலாம், 2008 நிசாப் புயல் வெள்ளத்தில் முழங்கால் தண்ணீர் நின்ற வளவுகள் இன்றைக்கும் அப்படியேதான் கிடக்கின்றன. மீசாலையில் நல்ல தண்ணீர்க் கிணற்றோடு வாடகைக்கு விடக்கூடிய வீடுகள் இரண்டு மூன்று என் கண்ணில் இருக்கின்றன. வரும் திகதியை எழுதுங்கள், சொந்தக்காரரிடம் திறப்பு வாங்கி வைக்கிறேன்.